முப்பது இடம்

முத்துராணி, உன் அண்ணன் செந்தூர்பாண்டி பேசுகிறேன். மணிமுத்தாற்றை விட்டு வந்து பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். இதைப் போனில் பேசிப் பதிந்து அனுப்புகிறேன்.

அம்மாவை மூன்று நாளாக மில் வாசலில் நிறுத்தி வைத்த விரல் பதிவு மெஷினைச் சோதித்தவன் நான்தான்.

அதில் ஒரு பெயருக்கு முப்பது இடம். சி என்ற நிரல் மொழியில் strncpy என்ற கட்டளை, அதற்கு மேல் போகாமல் பெயரை நகலெடுக்கும். பெயர் முடிந்தது என்று காட்டப் பின்னால் ஒரு சுழியம் வேண்டும். பெயரே முப்பதையும் அடைத்துக்கொண்டால் சுழியம் விழாது. மெஷின் நிற்காமல் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்துப் படிக்கும். அப்படி ஒரு பெயர் பட்டியலில் இருக்காது, விரல் சரியாக இருந்தாலும் ஆளை உள்ளே விடாது.

எங்கள் ஆபீசில் தமிழில் அடிக்கச் சோம்பல்பட்டு, ஆங்கிலத்தில் ராஜா, ராணி என்று அடித்துத்தான் சோதிப்பார்கள். ஒப்படைக்கும் அன்று நான் அம்மா பெயரைத் தமிழில் அடித்தேன். எழுத்துக்கு மூன்று இடம், கொம்புக்கும் சுழிக்கும் மூன்று மூன்று. சுடலைவடிவு, சரியாக முப்பது. பெயர் சேரவில்லை என்று வந்தது.

முதலாளி கிங்ஸ்லி எட்டிப் பார்த்தார்.

"யார்லே இது சுடலைவடிவு?"

"எங்கம்மா, அண்ணாச்சி. இங்கன சுழியம் விழல. ஒரு வரி சேத்தாப் போதும்."

"கீழ வண்டி வந்து நிக்கி. ஒங்கம்மைக்காக வண்டியத் திருப்பணுமோ? அந்தச் சோதனைய அழிச்சிட்டு எல்லாம் பாஸுன்னு எழுது. இல்லன்னா மலைக்கே போய்க் கொழுந்து கிள்ளு."

அழித்தேன். மெஷின் பெட்டியில், தேயிலைத் தோட்டத்தை விட்டபின் அம்மா வேலை பார்க்கும் மில்லின் பெயர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் எல்லாம் பாஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அம்மா போனில் சொன்னாள்.

"அடுத்தவ பேருக்கு வெரல வச்சு ஏமாத்துதியான்னு வாட்ச்மேன் எல்லார் முன்னாடியும் கேக்கான். தேயில கிள்ளித் தேஞ்ச வெரல்லா. கல்லுல ஒரசிப் பாத்தேன், ரத்தந்தான் வருது. எம்மவன் செஞ்ச மெஷினு தப்பு சொல்லுமாலே?"

"பைய ஒரசும்மா" என்றேன்.

இன்று அவளை நீக்கிவிட்டார்களாம். அவளுக்குப் பதில் நாளை உன்னை வரச் சொல்லியிருக்கிறார்களாம். உன் பெயரும் முப்பதுதான். போகாதே. இதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டு.