ஹோம்காரன் சம்பந்தம்

ராயபுரத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் என் மகள் கிறிஸ்டினா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சாவியோவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று, நான் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, கையில் கத்தி இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் சொன்னாள்.

பையன் தங்கம்தான். குடிக்க மாட்டான், பூசைக்கு முதல் ஆளாக வருவான். ஆனால் எண்ணூர்ப் பக்கம் சர்ச் சாமியார்கள் நடத்திய அநாதை ஹோமில் வளர்ந்தவன். அப்பன் ஆத்தா யாரென்று தெரியாது.

"சொந்தம்னு ஒர்த்தன்கூட இல்லாத எடத்துல பொண்ணக் குட்த்துட்டு, நாளைக்கு ஒரு சண்டைன்னா நான் யார் வூட்டாண்ட போய்க் கத்துறது?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? சம்பந்தியே இல்லாவிட்டால் எனக்குப் பொழுது எப்படிப் போகும்?

என் வீட்டுக்காரர் அம்புரோஸ் ரயில்வேயில் இருந்தவர். வண்டி லேட் என்றால் உட்கார்ந்திருப்பாரே, அப்படிக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆளுங்களக் கூட்டியாரச் சொல்லு, பேசலாம். ஆளு இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று முடித்துவிட்டேன். எங்கே வரப்போகிறான் என்ற தைரியம்தான்.

வந்தான். இரண்டு வேன் நிறைய வந்தான். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் ஆம்பிளைகள். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்ட ஒரு வக்கீல். சந்துக்குள் நின்றதும் யாரும் சொல்லாமலே குட்டை முன்னால், நெட்டை பின்னால் என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

"எல்சிக்கா, உன் வூட்டாண்ட இன்னா ரேஷன் போடுறாங்களா?" என்று எதிர்வீட்டு பவானி மாடியிலிருந்து கத்தினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

முன்னால் நின்ற நரைத்த தலைக்காரர் கும்பிட்டார். பெயர் தவசிமுத்து.

"நான்தாம்மா இவங்கள்ல மூத்தவன். வெள்ளக்கார சாமியார் இருந்தப்போ ஹோமுல சேந்தவன். அப்போ சட்டையில நம்பர் தெச்சிருப்பாங்க, அமெரிக்கா கோதுமைக் கஞ்சி ஊத்துவாங்க. சாவியோ காலத்துல நம்பர் போய்ப் பேரு வந்துச்சி, சோறும் வந்துச்சி. இப்போ அந்தப் பெரிய ஹாலயே மூடிட்டாங்க. சின்னச் சின்ன வூடு, வூட்டுக்கு ஒரு அம்மான்னு வெச்சிப் புள்ளைங்கள வளக்குறாங்க. குட்த்துவெச்ச பசங்க."

எனக்கு என்னவோ செய்தது. காட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் நாளே இளகினால் பிற்பாடு மரியாதை இருக்காது.

மொட்டைமாடியில் இலை போட்டு பிரியாணி பரிமாறினேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் இலையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடிக்காதவர்கள்தான் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். படிக்கட்டில் நின்ற கிறிஸ்டினாவின் முகம் செத்துப்போயிற்று. வேண்டாம் என்று சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர்களும் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை.

"இன்னாய்யா கொறச்சல் எம் பொண்ணுக்கு?" என்று கரண்டியோடு பாய்ந்தேன். "புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. சோத்த ஏன் அவமானப்படுத்துறீங்க?"

சாவியோ பதறிப்போனான். "அய்யோ அத்தை, அது இல்ல. மணி அடிக்கல."

"இன்னா மணி?"

தவசிமுத்து நெளிந்தார். "தனித்தனியா இருந்தா சாப்டுருவோம்மா. ஒண்ணாக் குந்திட்டா மணி அடிக்காமக் கை எயும்ப மாட்டேங்குது. ஹோமு பழக்கம். சாப்புட ஒரு மணி, எயுந்துக்க ஒரு மணி."

அடப்பாவிகளா! கிரேன் ஓட்டுகிறவனும் கேஸ் நடத்துகிறவனும் ஒரு மணிச் சத்தத்துக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். அண்டாவின் விளிம்பில் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டேன். ணங்!

அத்தனை கையும் ஒன்றாக இலைக்குப் போயிற்று. என்ன வேகம்!

"மெதுவாத் துன்னுங்கய்யா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றேன்.

"அப்போல்லாம் புடுங்கிப்பாங்கம்மா" என்றார் வக்கீல், தலையைத் தூக்காமல். அவர் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தேன்.

இலை காலியானது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லாக் கண்ணும் என் கரண்டி மேல். அம்புரோஸ் அதை வாங்கக் கை நீட்டினார். நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"கேட்டுக்கங்க. கண்ணாலத்துக்கு அப்பால இவன் எம் பொண்ண ஒரு சொல்லு சொன்னாலும், உங்க ஒவ்வொர்த்தர் வூட்டாண்டயும் வந்து கத்துவேன். சம்மதமா?"

"வந்து கத்தும்மா" என்றார் தவசிமுத்து. "இவன் எங்க புள்ளைன்னு எங்க வாசல்ல வந்து கத்த, இத்தினி வருசமா ஒரு ஆளு இல்ல."

குனிந்து அவர் டம்ளரில் நானே தண்ணீர் ஊற்றினேன். பவானி பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"கிறிஸ்டினா, இன்னாடி நின்னுகினுகீற? உன் மாமனாருங்க எல்லாருக்கும் பாயசம் ஊத்து" என்றேன். "எயுந்துக்க மணி இப்போ கெடையாது."