ஸ்டரெட் வீட்டின் வறண்ட வருடங்கள்

கன்றுக்குட்டியின் முன்னங்கால்கள் ஏன் நடுங்குகின்றன என்று ஹல்டாவுக்குப் பிடிபடவில்லை. பாம்பு தீண்டியிருக்குமோ என்று குளம்பிலிருந்து தொடைவரை தடவிப் பார்த்தாள். பல் பட்ட தடம் இல்லை. கயிறு இறுக்கியிருக்குமோ என்று கழுத்தைப் பார்த்தாள், புண் இல்லை. சும்மா நிற்கும்போது நன்றாகத்தான் நின்றது. பட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நடத்தினால் போதும், முழங்கால்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, மூக்கு மண்ணில் இடிக்க விழுந்தது.

இன்னும் புல் கடிக்கத் தொடங்காத கன்று அது. காட்டில் மேயப் போகிற பசு மாலையில் வீடு திரும்ப வேண்டுமே என்பதற்காகக் கட்டிவைத்திருந்தார்கள். தாயின் மடியைத் தவிர அது வாய் வைத்தது எதுவுமில்லை. அந்தத் தாயோ, செர்ரி என்கிற சிவப்புப் பசு, பக்கத்திலேயே கழுத்து மணி ஆட நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. தாய்க்கு இல்லாத நோய் பால்குடிக் கன்றுக்கு எங்கிருந்து வந்தது?

வேறு சமயமாயிருந்தால் இதை அவள் அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் மரவீட்டுக்குள், சோளத்தோகை அடைத்த மெத்தையில், அவள் கணவன் ஓரன் இதே மாதிரித்தான் கிடந்தான். விறகு வெட்டிக்கொண்டிருந்தவன் கால் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவன் மூச்சில் அழுகிப் புளித்த ஆப்பிளின் வாடை அடித்தது.

அந்த வாடையைப் பற்றி ஹல்டா முன்பே கேள்விப்பட்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த கரடி ஓடைக் கரையில் அதைக் கேள்விப்படாதவர்கள் இல்லை.

ஓரனின் அப்பா ஜாரெட் ஸ்டரெட்தான் அந்தக் கரையில் முதலில் குடியேறியவர். கென்டக்கியில் நிலத்துக்குப் பட்டா சரியில்லை என்று வழக்கில் இழந்துவிட்டு, மனைவி ரோடாவையும் இரண்டு மகன்களையும் எருதுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒஹாயோ ஆற்றைத் தாண்டி இந்தியானாக் காட்டுக்குள் வந்தார். மரங்களைப் பட்டை உரித்துச் சாகவிட்டு, அவற்றின் நடுவே சோளம் ஊன்றினார். ஆரம்ப வருடங்களிலேயே ஓர் இலையுதிர்காலத்தில் ரோடா கால் நடுங்கி விழுந்து செத்தாள். பிறகு மெர்சி என்பவளைக் கட்டினார். அவளும் இன்னோர் இலையுதிர்காலத்தில் அதே நடுக்கத்தோடு போனாள். அதே வாரம் மூத்த மகன் கேலெப்பும் போனான். மூன்று பேர் மூச்சிலும் அந்த ஆப்பிள் வாடை. ஒவ்வொரு தடவையும் ஓரன்கூடப் படுத்துத்தான் தேறினான்; ஒன்றும் ஆகாமல் நடமாடியவர் ஜாரெட் ஒருவர்தான்.

பள்ளத்திலிருந்து எழும் கெட்ட ஆவி என்று சிலர் சொன்னார்கள். மாவு ஆலையில் முறைக்காகக் காத்திருப்பவர்கள் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். கல்யாணத்தன்று ஹல்டாவின் அம்மா அவளைத் தனியே அழைத்து, அந்த வீட்டில் உன் கையால் சமைத்ததை மட்டும் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினாள். ஹல்டா அப்போது சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கன்றை விட்டுவிட்டு அவள் உள்ளே வந்தபோது, மாமனார் ஒரு மரக்கிண்ணத்தில் பால் ஊற்றி, வெண்ணெய் ஒரு கட்டியும் போட்டு, மகனின் படுக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கரையில் நோயாளிக்கு அதுதான் முதல் மருந்து. உடம்பு தேற வேண்டுமென்றால் பால், இன்னும் தேறவில்லையென்றால் இன்னும் பால். தினமும் அவர்தான் ஊட்டினார். அந்தப் பாலில் ஒரு வாய்கூட அவர் குடித்து அவள் பார்த்ததில்லை.

"நில்லுங்க மாமா. அந்தக் கிண்ணத்த இப்படிக் குடுங்க. அவருக்கு நான் ஊட்டிக்கிறேன்."

"நேத்து வரைக்கும் நான்தானே ஊட்டுனேன். இன்னைக்கு மட்டும் என் கை நாறுதா?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கிழவருக்கு அது போதுமாயிருந்தது.

"ஆலைப் பேச்சு உன் காதுக்கும் வந்துருச்சு. ரெண்டு பொண்டாட்டியத் தின்னவன், பெத்த புள்ளயத் தின்னவன், இப்ப மிச்சம் இருக்குறதையும் திங்கப் போறான்னு."

"நான் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் விழறப்ப நீங்க மட்டும் எப்படி நல்லா இருக்கீங்கன்னுதான் கேக்குறேன்."

"நான் செத்திருந்தா நல்லவனா இருந்திருப்பேன், இல்ல?" அவர் குரல் உயரவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "அப்ப அந்தக் கன்னுக்குட்டி? அதுவும்தான் நடுங்கிக் கெடக்கு. அதுக்கும் நான்தான் வெஷம் வெச்சேனா? அது எந்த ஆலையில போயி என்னப் பத்திப் பேசிச்சு?"

கட்டிலில் ஓரன் முனகினான். கிழவர் அவனைப் பார்த்தார், பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.

"இந்தா, நானே குடிக்கிறேன். பால் வாசம் பட்டாலே எனக்குக் குமட்டும். இருந்தாலும் உன் கண்ணு முன்னால குடிக்கிறேன். அப்பறமாச்சும் அவனுக்கு ஊட்ட விடு."

கிண்ணம் அவர் உதடுவரை போய்விட்டது. ஹல்டாவின் மனம் அந்த நேரத்தில் கிண்ணத்தில் இல்லை, கன்றில் இருந்தது. கன்றுக்கு யாரும் எதையும் ஊட்டவில்லை. இந்த வீட்டு அடுப்பில் வெந்தது எதையும் அது தின்றதில்லை. கன்றின் வயிற்றுக்கும் ஓரன் வயிற்றுக்கும் பொதுவாகப் போனது ஒன்றே ஒன்றுதான்.

அவள் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். கிண்ணம் உருண்டது. தரைப்பலகைகளின் இடுக்கு வழியே பால் இறங்கியது.

"குடிக்காதீங்க மாமா. உங்க கையில இல்ல. பாலுல இருக்கு."

கிழவர் நனைந்த சட்டையோடு நின்றார். அடிப்பதா, கேட்பதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. அவள் விடாமல் கேட்டாள். எப்போதிலிருந்து பால் ஆகாது? பிறந்ததிலிருந்து என்றார். தன் அம்மா தன்னைப் பன்றிக்கறிச் சாறு ஊற்றி வளர்த்ததாகவும், அதனால்தான் இந்தக் குணம் என்று ரோடா கேலி செய்வாள் என்றும் சொன்னார். ரோடா பேரை எடுத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது.

ரோடா வெண்ணெய் கடைகிறவள். விரலால் வழித்துச் சுவைத்துக்கொண்டேதான் கடைவாள். மெர்சி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தாள். அவளுக்கென்று இரட்டிப்புப் பால். கேலெப் மோர் இல்லாமல் சாப்பாட்டில் உட்கார மாட்டான். இதையெல்லாம் அவர் மறந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகவே சுமந்தார்; பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

"அந்த வருஷமெல்லாம் எப்படி இருந்துச்சு மாமா? இப்ப மாதிரியே மழை இல்லையா?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். ரோடா போன வருடம் ஓடை குட்டை குட்டையாக வற்றிக் கிடந்தது. மெர்சி போன வருடம் சோள இலை சுருட்டு மாதிரி சுருண்டுகொண்டது. சந்தைக்கு ஓட்டிப்போன ஓர் இளங்காளை வழியிலேயே நடுங்கி விழுந்து செத்ததும் அந்த வருடம்தான். ஓட்டுகிறவன் விரட்டியதால் செத்தது என்று அவனோடு சண்டை போட்டார். மழை பெய்த வருடங்களில் இந்த வீட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றார். "பாலுல வெஷம்னா பசுதானே மொதல்ல விழணும்? அது குத்துக்கல்லாட்டம் நிக்குது."

ஹல்டாவுக்கும் அங்கேதான் முட்டியது. அவள் சிந்திய பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பனி உருகியதும் காட்டில் முதலில் தலை நீட்டுவது காட்டு வெங்காயம். பசு அதை மேய்ந்துவிட்டு வந்தால் பால் வாயில் வைக்க முடியாமல் நாறும். எல்லோரும் முகம் சுளித்துப் பன்றிக்கு ஊற்றிவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் அதை யோசித்ததில்லை.

"காட்டு வெங்காயம் தின்னா எது நாறுது மாமா? பசுவா, பாலா?"

"பாலுதான்," என்றார் கிழவர்.

பசு தின்பதெல்லாம் மடிக்கு வந்து சேர்கிறது. கெட்டது வந்தாலும் காலையும் மாலையும் நாமே அதைக் கறந்து எடுத்துவிடுகிறோம். பசு தப்பிக்கிறது. கன்றுக்கும் காளைக்கும் மனிதனுக்கும் அப்படி ஒரு வடிகால் இல்லை. உள்ளே போனது உள்ளேயே நிற்கிறது. இதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். தானும்தான் அந்தப் பாலைக் குடித்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை. தனக்கும் ஒரு வடிகால் இருந்தது.

தொட்டிலில் மகள் மிண்டா தூங்கிக்கொண்டிருந்தாள். தத்தித் தத்தி நிற்கப் பழகுகிற, இன்னும் தாய்ப்பால் மறக்காத வயது. காலையிலிருந்தே அதிகம் தூங்குகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஹல்டா அவளை அள்ளி எடுத்து மடியில் நிற்க வைத்தாள். எதுவோ நடுங்கியது. குழந்தையின் காலா, தன் கையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சோளமாவுக் கஞ்சி வைங்க மாமா, தண்ணியா. இவளுக்கும் அவருக்கும். பால் ஒரு சொட்டு கூடாது. எனக்கும் கூடாது. நான் செர்ரி பின்னாடி போறேன்."

"என்கிட்டயா விட்டுட்டுப் போற? ரெண்டு பேரையும்?"

"உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினார்.

அவள் பசுவை அவிழ்த்துவிட்டு மணியோசையைத் தொடர்ந்தாள். அந்தக் கரையில் வேலி என்பது சோளத்துக்குத்தான். பிளந்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பயிரைச் சுற்றி அடைத்துவிட்டு, மாட்டை அதன் போக்கில் காட்டில் விட்டுவிடுவார்கள். அது எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மணி கேட்டால் போதும். செர்ரி வெட்டவெளியில் பழுப்பாய்க் காய்ந்து கிடந்த புல்லை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தாண்டிப் போனது. பிறகு மரங்கள் அடர்ந்த பள்ளத்துக்குள் இறங்கியது. வெயில் படாத அந்த நிழலில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. இடுப்பளவு உயரம், ஓரம் ரம்பம் போன்ற இலை, நுனியில் பஞ்சு பிய்த்து வைத்ததுபோல வெள்ளைப் பூக்கள். செர்ரி தலையைக் குனிந்து அதைத்தான் மேய்ந்தது. சுற்றிலும் கடிபட்ட தண்டுகள். மழை பெய்த வருடங்களில் மேலேயே புல் இருக்கும். மாட்டுக்கு இந்தப் பள்ளத்தில் வேலையே இல்லை.

ஒரு கட்டுப் பிடுங்கி வந்தாள். கிழவர் அதைக் கையில் வாங்கவும் பயந்தார். ஆனால் கண்ணால் கண்டால்தான் ஒப்புவேன் என்றார். அதனால், குளிர்காலத்துக்கு வெட்ட வைத்திருந்த கிடாயைத் தனியே அடைத்து அந்தச் செடியை மட்டும் போட்டார்கள். அது செர்ரியின் பாலைக் குடித்ததில்லை, பள்ளத்துப் பக்கம் போனதில்லை, அங்கே எழும் ஆவியை மூச்சில் இழுத்ததும் இல்லை. சில நாளில் அதை நடத்திப் பார்த்தபோது, முழங்கால்கள் அடித்துக்கொள்ள, மூக்கு மண்ணில் இடிக்க விழுந்தது. ஜாரெட் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ரோடாவுக்குக் கடைசிவரை தன் கையாலேயே பால் புகட்டியதை மட்டும் ஒருமுறை சொன்னார்.

கன்று பிழைக்கவில்லை. மிண்டாவின் கால்கள் ஊன்றி நின்றன. ஓரன் பிழைப்பானா என்பதுதான் தெரியாமலிருந்தது. முதலில் கஞ்சியும் தங்கவில்லை. ஹல்டா வடித்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் அது தங்கியது. மறுநாள் அவன் உப்புப் போடாத கஞ்சி நாய்க்குக்கூட ஆகாது என்று முனகினான். அவள் அடுப்பங்கரைக்குப் போய் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் மூச்சில் ஆப்பிள் வாடை இல்லை.

அதற்குள் கிழவர் சோளத்தை அவசரமாக அறுத்து முடித்து, வயலைச் சுற்றியிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வீட்டுப் பக்கம் சுமந்துகொண்டிருந்தார். ஆலைக்குப் போகும் வழியில் பக்கத்து நிலத்து இனக் பிராத்தர் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

"என்ன ஜாரெட்டு, வயலைத் தொறந்து போட்டுட்டு மாட்ட ஜெயிலுல போடுறியா? ஊரே தலைகீழா வேலி கட்டிப் பாத்ததில்லை."

"ஊருல எத்தன பேரப் பொதச்சிருக்கோம்னு எண்ணிப் பாத்துட்டுச் சிரி," என்றார் கிழவர். "எறங்கி வா. ஆலையில என்னப் பத்திப் பேசுறதுக்குப் பதிலா இதப் போயிச் சொல்லு."

இனக் இறங்கினான். கிழவர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்:

"வெட்டவெளிப் புல்லு காயுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே மாட்ட வேலிக்குள்ள அடைச்சிருங்க. பசு, காளை, கன்னு எல்லாத்தையும். சோளத்தட்டை வெட்டிப் போடுங்க, தண்ணியச் சுமந்து ஊத்துங்க. பள்ளத்துல இருக்குற வெள்ளப் பூச் செடி கடும்பனியில கருகி விழற வரைக்கும் வெளிய விடாதீங்க. ஏற்கெனவே மேஞ்ச பசுன்னா, அடைச்ச பிறகும் கொஞ்ச காலம் பாலக் கறந்து குழி வெட்டி ஊத்துங்க, பன்னிக்குக்கூட வைக்காதீங்க. யாராச்சும் நடுங்கி விழுந்தா பாலும் வெண்ணெயும் குடுக்காதீங்க. கஞ்சி குடுங்க."