பதினான்காம் புள்ளி

லூர்தக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தது ஆகஸ்ட் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றே கால் மணிக்கு. கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, நேராக மாடி ஏறி வந்திருந்தார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கலை, அந்தப் பெட்டி கனமே இல்லம்மா."

"எந்தப் பெட்டிக்கா?"

"எம்புள்ளது."

அவர் கேட்க வந்தது புரிய வேண்டுமானால் பிப்ரவரியிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் ரகுபதி சாரின் சர்வே ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆள் குறைந்தால் அளக்கவும் போவேன். சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சாலையை அகலமாக்க அங்கிருந்த கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் முப்பத்தொரு கல்லறைகள். நாலைந்துக்குத்தான் கல் இருந்தது. மற்றவை மண்மேடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தள்ளித் தள்ளி. ஒவ்வொன்றும் யாருடையது, எந்த இடம் என்று குறித்துக் கொடுத்தால், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தோண்டி எலும்புகளைப் பெட்டியில் எடுத்து, ஏரிக்கரைப் பக்கம் கொடுத்த புது இடத்தில் புதைப்பார்கள். குறித்துக் கொடுக்கும் வேலை எங்களுடையது.

எந்த மேடு யாருடையது என்று முழுதும் தெரிந்தவர் லூர்தக்கா ஒருவர்தான். சனிக்கிழமைகளில் முள்வெட்டிச் சுத்தம் செய்துவந்தவர் அவர். அவர் காட்டக் காட்ட நான் கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் போய் நின்றேன். பழைய செங்கல் போன் அளவு இருக்கும், இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். வேப்பமரத்தடியில் செயற்கைக்கோள் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிடைத்த பிறகும் எண்கள் நிற்காமல் மாறும். மூன்று மீட்டருக்குள் துல்லியம் வந்ததும் பட்டனை அழுத்தினால், அந்த இடத்தை ஒரு புள்ளியாகக் குறித்து 001, 002 என்று தானே எண் போட்டுக்கொள்ளும்.

"இந்த மெஷினுக்குப் பொணம் எங்க கீதுன்னு தெரியுமா?" என்று லூர்தக்கா கேட்டார்.

"நாம நிக்கிற இடந்தான்க்கா தெரியும்."

"அப்போ நான் சொல்றதத்தான் அது சொல்லுது. எனக்குப் பாதி சம்பளம் குடுக்கச் சொல்லு உங்க சார."

பெயரையும் கருவியிலேயே ஏற்றப் பார்த்தேன். அதில் தமிழ் கிடையாது. இங்கிலீஷ் எழுத்துகளை அம்புக்குறி பட்டனால் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் பெயருக்கே நான்கு நிமிடம் ஆனது. விட்டுவிட்டேன். எண் கருவியில், பெயரும் வயதும் என் நோட்டில் என்று முடிவு செய்தேன்.

பதினான்காவது மேட்டருகே லூர்தக்கா குனிந்து ஒரு பாலிதீன் கவரைப் பொறுக்கினார்.

"இது பிரசன்னா. எம்புள்ள. இருபத்தொரு வயசு, மஞ்சக்காமாலை. எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன்க்கா."

"தொடையில ஒரு ஜாண் தகடு கீது. பத்தாவது படிக்கறப்போ லாரி இடிச்சு வெச்சது. எடுக்கறப்போ பாத்து எடுக்கச் சொல்லு. புது எடத்துல அவன் பக்கத்துல எனக்கு ஒரு குழிக்கு எடம் வுடறேன்னு நம்ம கோவில் சாமியாரு ஒத்துக்கினாரு. எனக்கு வேற யாரு கீறா? எம்புள்ள பக்கத்துல படுத்துட்டாப் போதும்."

மறுநாள் நோட்டைப் பார்த்து எக்செல்லில் ஏற்றினேன். இடப்பக்கம் பெயரும் வாரிசின் பெயரும். அதன் பிறகு ஒரு காலி நெடுவரிசை. வலப்பக்கம் புள்ளி எண்ணும் அட்சரேகை தீர்க்கரேகையும். அந்தக் காலி இடம் யாரும் கேட்டதல்ல. பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டிலிருந்தே எனக்கு நெருக்கி எழுதினால் பிடிக்காது. நடுவில் இடம் விட்டால் படிக்கிறவர் கண்ணுக்குச் சுலபம் என்று விட்டேன். வயதுக்குக் கட்டம் கேட்கவில்லை, அதனால் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து ரகுபதி சார், மாதா கோவிலில் ஒட்டுவதற்குப் பெயர்களை அகர வரிசையில் கேட்கிறார்கள் என்றார். பெயர் இருந்த கட்டம் ஒன்றில் கிளிக் செய்து வரிசைப்படுத்தும் பட்டனை அழுத்தினேன். அரை நொடியில் அகஸ்டின் மேலே வந்தார். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. முப்பத்தொரு பெயர்களும் இருக்கின்றனவா என்று இரண்டு முறை எண்ணினேன். இருந்தன. மூன்று பிரதி எடுத்து, வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலையில் தோண்டினார்கள். அதற்கு முன்பே ஜே.சி.பி. விட்டுப் புதரோடு மேடுகளையும் சேர்த்து வழித்துவிட்டிருந்தார்கள். சுற்றிலும் தகரம் அடைத்து, இரண்டு நாளும் ஊர்க்காரர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. உள்ளே இருந்தவர்களிடம் இருந்தவை கருவியும் என் பட்டியலும் மட்டும்தான். கருவி காட்டிய இடத்தில் தோண்டி, பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக இருந்த பெயரைப் பெட்டியில் எழுதி, ஆணி அடித்து வாரிசுகளிடம் கொடுத்தார்கள். பூசை நடந்தது. சிமெண்ட் சிலுவைகளில் பெயர் எழுதினார்கள். எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போது லூர்தக்கா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையில வாங்கனப்பவே தோணிச்சு. வெறும் பலக கனம்தான். சரி, மக்கிப் போயிருக்கும்னு மனச தேத்திக்கினேன். நேத்து டீக்கடையில சவரிமுத்து மவன் ஹேமந்த் சிரிச்சிக்கினே சொல்றான், எங்கப்பா ஆசுபத்திரி வாசப்படியே மிதிச்சதில்ல, அவரு குழியில தகடும் ஸ்க்ரூவும் கெடச்சுதாம், சூப்பர்வைசரு கம்பெனி ஸ்கிராப்புன்னு தூக்கி எறிஞ்சிட்டாராம்னு. அது எம்புள்ள தகடுதான் கலை. உன் நோட்ட எடுத்துப் பாரும்மா."

எடுத்தேன். நோட்டில் பதினான்கு: பிரசன்னா, 21. பட்டியலில் பதினான்குக்கு நேராக: சவரிமுத்து.

பட்டியலில் பிரசன்னா எங்கே என்று தேடினேன். இருபத்தொன்றாம் புள்ளியில் இருந்தான். நோட்டில் இருபத்தொன்று: அமலா, மூன்று மாதக் குழந்தை.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. புள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றன. நடுவில் நான் விட்ட காலி நெடுவரிசையால் கம்ப்யூட்டர் அதை இரண்டு தனிப் பட்டியல்களாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முப்பத்தொன்றில் ஒன்றுகூடச் சரியாக இல்லை.

"சொல்லு," என்றார் லூர்தக்கா.

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"அப்போ எம்புள்ள சவரிமுத்து பேருல படுத்துக்கினு கீறான்."

"ஆமாக்கா."

"ஒரு மாசமா நான் கொழந்தகிட்ட அழுதுக்கினு கீறேன்."

ரகுபதி சார் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "பில் பாஸ் ஆயிடுச்சு. தாசில்தார் கையெழுத்து போட்டாச்சு. கலை, எலும்புல பேரா எழுதியிருக்கு? யாருக்கும்மா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் சார். அவங்களுக்குத் தெரியும்."

"அந்தம்மாவுக்கு மட்டும் எதனா செஞ்சுக்க. முப்பது வூட்டுக் கதவத் தட்டினேன்னா இங்க வராத."

வியாழக்கிழமை காலையில் நானும் லூர்தக்காவும் ஹேமந்த் வீட்டுக்குப் போனோம். கார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தான். உள்ளே அவன் அம்மா ராஜம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

"மெதுவா பேசுங்க. அம்மாவுக்கு இப்பத்தான் பிரஷர் எறங்கிக் கீது."

நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை.

"இன்னாங்க இது? கம்ப்யூட்டர் பேப்பர்ல அரசாங்க சீல் கீது. இது பேனாவுல எழுதனது. இதப் பாத்துட்டு அத பொய்யின்றீங்க?"

"அந்தப் பேப்பரையும் நான்தான் அடிச்சேன், தம்பி. இதப் பாத்துத்தான் அடிச்சேன்."

லூர்தக்கா அவன் கையைப் பிடித்தார். "ஹேமந்து, அந்தத் தகடு யாருதுடா? உங்கப்பனுதா? எந்த லாரியில அடிபட்டான் உங்கப்பன்? நீயும் பிரசன்னாவும் ஒன்னாத்தானே படிச்சீங்க. வருசம் பூரா அவன் கட்டு போட்டுக்கினு இருந்தானே, நீ தானே சைக்கிள்ல வெச்சு இட்டுக்கினு போன."

அவன் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தான். அப்பா பேரில் புதிதாகக் கட்டியிருந்த கிரானைட் கல்லறையைத்தான் நினைத்திருப்பான். அண்ணன்மார் சேர்ந்து கட்டியது, ஊரே வந்து பார்த்தது.

"சரி லூர்தும்மா," என்றான் கடைசியில். "கல்ல நானே பேத்துக் குடுக்கறேன். அண்ணனுங்க கத்துவானுங்க, கத்திட்டுப் போறானுங்க. நம்ம பிரசன்னா தானே. எங்கப்பா எந்தப் பெட்டியில கீறாருன்னு சொல்லுங்க. ஒரே நாள்ல இத எடுத்து அங்க வெச்சு, அத எடுத்து இங்க வெச்சிடலாம். அம்மாவுக்குத் தெரியவே வேணாம்."

லூர்தக்கா அவன் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நான் நோட்டைப் புரட்டினேன். சவரிமுத்து, மூன்றாம் புள்ளி. பட்டியலில் மூன்றுக்கு நேராக அந்தோணியம்மாள். பெட்டிகளை யார் யார் வாங்கிப் போனார்கள் என்பதற்குத் தனியாக ஒரு தாள் வைத்திருந்தேன். விரலை வைத்து அந்த வரிக்கு வந்து, இருந்ததை அப்படியே படித்தேன்.

"அந்தோணியம்மாள். மகன் பெற்றுக்கொண்டார். புது இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். மின்மயானத்தில் எரித்துச் சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கே உறைத்தது.

ஹேமந்த் தாளை என் கையிலிருந்து பிடுங்கி அவனே ஒருமுறை படித்தான்.

"எங்கப்பாவ எரிச்சிட்டாங்களா?"

தாளை என் கையில் திருப்பித் திணித்தான்.

"யாரோ ஒருத்தன் எரிச்சுக் கடல்ல ஊத்திட்டான். அப்போ இங்க கீறதையும் எடுத்துக் குடுத்துட்டா, எங்கம்மாவுக்கு நான் இன்னாத்தக் காட்டுவேன்? வெறுங்குழியையா?"

"ஹேமந்து..." என்றார் லூர்தக்கா.

"இல்ல லூர்தும்மா. முடியாது. உனக்காச்சும் அவன் எங்க கீறான்னு தெரியுது. போயிடுங்க ரெண்டு பேரும். எங்கம்மா வெளிய வர்றதுக்குள்ள போயிடுங்க."

ஏரிக்கரை ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. லூர்தக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். லாரிகள் ஓய்ந்ததும் கேட்டார்.

"தேடிப் பாத்து அப்புறமா சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ? மொதல்ல எம்புள்ளய எடுத்துக்கினு இருப்பேனே."

"பொய் சொல்ல வரலக்கா."

"பொய் யாரு சொல்லச் சொன்னது? கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாமே. எல்லாத்தையும் ஒழுங்கா படிச்சிடுவியே நீ."

ஆட்டோ வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஏறக் காத்திருக்காமல், போகலாம் என்று டிரைவரின் தோளைத் தட்டினார்.

மற்ற வீடுகளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஏழு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். நான்கு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாவது வாரமே ரகுபதி சார் என் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கலெக்டர் ஆபீசுக்கு நோட்டின் நகலோடு இரண்டு மனு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டைகள் வந்தன. வேறொன்றும் வரவில்லை. சாமியார், குடும்பங்கள் எல்லாம் சம்மதித்தால்தான் எந்தக் குழியையும் தொட முடியும் என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் புதுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லாக் கல்லறைகளிலும் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சிலுவையின் முன்பும் யாரோ ஒருவர் யாருடைய பெயரையோ சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். சொன்ன பெயருக்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரிந்ததால் நான் கேட் அருகிலேயே நின்றுவிட்டேன்.

லூர்தக்கா ஒரு பாக்கெட் மெழுகுவத்தியோடு வந்தார். என்னைப் பார்த்தும் நிற்காமல் உள்ளே போனார். பிரசன்னா என்று எழுதிய சிலுவையில் ஒன்று ஏற்றிவைத்தார். பிறகு நேராகக் கிரானைட் கல்லறைக்குப் போனார். அங்கே ராஜம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹேமந்த் வேகமாக எழுந்து வந்து குறுக்கே நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏத்திக்க. வேணான்னு சொல்லல. பேர் மட்டும் சொல்லி அழுதுடாத. எங்கம்மா தாங்காது."

லூர்தக்கா தலையசைத்தார். கல்லின் கால்மாட்டில் உட்கார்ந்தார். மெழுகுவத்தி காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை கையால் மறைத்துப் பிடித்து ஏற்றினார். அதற்குள் ராஜம்மா பார்த்துவிட்டார்.

"யாரு, லூர்தா? எங்க வூட்டுக்காரருக்கா ஏத்தற?"

லூர்தக்கா கல்லின்மேல் ஒரு கையை விரித்து வைத்திருந்தார். கையை எடுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"ஆமாக்கா," என்றார். "உங்க வூட்டுக்காரருக்குத்தான்."