கதவில் ஒட்டிய சம்மனசு

போன ஜூனில் எங்கள் பள்ளியின் கதவுகளுக்கெல்லாம் கண்ணாடி வைத்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று நிர்வாகம் போட்ட புது விதி. எந்த அறைக்குள் யார் பிள்ளையோடு இருந்தாலும் வெளியே போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மாணவர் மன்றமும் அப்போதுதான் ஆரம்பித்தது. மாதாமாதம் முதல் வெள்ளிப் பூசை முடிந்ததும் கூட்டம் நடக்கும். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி பேசுவதை நான் எழுதித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்து கிடக்கும்போது இது வேறா என்று எனக்கு எரிச்சல். வீணா மிஸ்ஸுக்கு வாய் நீளம் என்று ஸ்டாஃப் ரூமில் என்னைச் சொல்வார்கள். பொய்யில்லை.

ஆகஸ்டு கூட்டத்தில் மகா எழுந்தாள். நாலாம் வகுப்பு பி பிரிவு, என் வகுப்புதான். அப்பா முனியப்பனுக்குப் பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. அவளுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று மியூசிக் வாத்தியார் ஓஸ்வால்ட் சார் கிறிஸ்துமஸ் விழாவில் தனிப்பாட்டு கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும், மற்ற பிள்ளைகள் விளையாடும் நேரத்தில், அவள் மட்டும் அவரிடம் பயிற்சிக்குப் போவாள்.

"மிஸ், மியூசிக் ரூம் கண்ணாடில ஒட்டியிருக்கிற படத்த எடுத்துடலாமா?"

அது காவல் சம்மனசு, அதாவது காவல் தேவதூதர் படம். பாலத்தில் நடக்கும் இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் சம்மனசு இறக்கை விரித்து நிற்கும். கண்ணாடி பதித்த மறுவாரமே ஓஸ்வால்ட் சார் ஒட்டியது. அதைக் கடக்கும்போதெல்லாம் நானே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். இந்துப் பிள்ளை நம்முடைய படத்தை எடுக்கச் சொல்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் முதலில் தோன்றியது.

"ஏன்டி, சம்மனசு உன்ன என்ன பண்ணுச்சு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மகா சிரிக்கவில்லை. "ஒண்ணும் பண்ணல மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள். படத்தை எடுக்க வேண்டும் என்று எழுதினால் சிஸ்டர் முகம் சுளிப்பார். அதனால் 'மியூசிக் ரூம் கதவை அழகுபடுத்த வேண்டும் - மகா, 4 பி' என்று எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் மறுபடி எழுந்தாள்.

"படத்த உள்ள சுவத்துல மாட்டிக்கலாம் மிஸ். கண்ணாடி சும்மா இருந்தா, போறவங்களுக்குத் தெரியும்ல."

"என்னடி தெரியணும்?"

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் பாடுறது" என்றாள். மணி அடித்துவிட்டது. போன மாதம் எழுதியதையே திரும்ப எழுதினேன்.

சிஸ்டர் சொன்னதைச் செய்கிறவர். மாத முடிவில் வாசல் பலகையில் 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்' என்று ஒரு பட்டியல் ஏறியது. அதில் 'குடிதண்ணீர்க் குழாய்' என்ற வரிக்குக் கீழே 'மியூசிக் ரூம் கதவு', பக்கத்தில் பச்சை டிக். போய்ப் பார்த்தேன். அதே சம்மனசு, ஆனால் பெரிய படம். லேமினேஷன் போட்டு, ஓரத்தில் தங்கப் பட்டை வைத்து, கண்ணாடியின் நாலு பக்கமும் முட்ட ஒட்டியிருந்தது. பழைய படத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இடைவெளி இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

பின்னால் ஓஸ்வால்ட் சார் வந்து நின்றார். இருபது வருஷமாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவர். என் கல்யாணப் பூசைக்கும் அவர்தான் வாசித்தார்.

"எப்டி இருக்கு வீணா டீச்சர்? பசங்க கேட்டாங்க, செஞ்சாச்சு. பழசு ஸ்வல்ப சின்னதா போச்சு" என்றார், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

நன்றாக இருக்கிறது என்றேன். வகுப்புக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் மகா எழவேயில்லை. நானே கேட்டேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று.

"இல்ல மிஸ். அதான் டிக் போட்டுட்டாங்களே."

குரலில் கோபம் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை. அந்தப் பதில் என்னை அரித்தது. ஆனாலும் சனி, ஞாயிறு, திங்கள் என்று தள்ளிப்போட்டேன். மூன்று நாள். அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

செவ்வாய்க்கிழமை விளையாட்டு வகுப்பு. பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்பறையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். வராந்தாக் கோடியிலிருந்து மகா பாடுவது கேட்டது. இரண்டாவது அடியின் நடுவில் பாட்டு நின்றது. கீபோர்டின் தாளம் மட்டும் தானாக ஓடிக்கொண்டேயிருந்தது. திரும்பப் பாடுவாள் என்று காத்திருந்தேன். பாடவில்லை. கையில் பேனாவோடு ஓடினேன்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவைத் தட்டினால் திறப்பதற்குள் உள்ளே ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும் என்று புத்தி சொன்னது. என் கை சம்மனசின் முகத்துக்கு நேரே போய் நின்றுவிட்டது. சாமி படம் தரையில் விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். சம்மனசே, மன்னிச்சுக்கோ என்று மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். நகம் பிய்ந்தது, அப்புறம்தான் படம் பாதி கிழிந்து வந்தது. உள்ளே மகா சுவரோரம் கண்களை இறுக்கி மூடி நின்றாள். அவள் எந்தப் பக்கமும் நகர முடியாதபடி ஓஸ்வால்ட் சார் ஒட்டி நின்றார்.

நான் கதவை உதைத்த உதையில் ஆயா தனக்கோடி ஓடிவந்தாள். அவள் பின்னால் சிஸ்டர். தரையில் கிடந்த படத்தைப் பார்த்து, "ஐயோ, சம்மனசு" என்றார் சிஸ்டர். கதவு திறந்து மகா வெளியே வந்ததும் வாயை மூடிக்கொண்டார். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்தேன்.

மத்தியானம் அங்கிருந்து நிருபமா என்ற பெண்ணும், கூடவே போலீஸும் வந்தார்கள். ஓஸ்வால்ட் சாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகா சிஸ்டர் அறையில் அப்பாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முனியப்பன் கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்.

சிஸ்டர் அழுதுகொண்டே கேட்டார். "ஏன் கண்ணு, இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல?"

அப்படிக் கேட்கக் கூடாது என்று நிருபமா கையை உயர்த்தினார். அதற்குள் மகா நிமிர்ந்துவிட்டாள். கேள்வியே புரியாதவள் போல முதலில் சிஸ்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சொன்னேனே சிஸ்டர். ரெண்டு தடவ சொன்னேன். மிஸ் எழுதிக்கிட்டாங்க."