கடலுக்குள் இறங்கியவள்

புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் குளத்தில் இறங்கியபோது, கூடத்தில் கணவரின் உடல் கிடந்தது. எடுத்துப்போக வண்டி மூன்று மணிக்கு வரும். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கொழுந்தன் பதறி ஓடிவந்தான். "அண்ணி, என்ன இது? மேல வாங்க."

"மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. உனக்குக் கண்ணு தெரியலையா?"

காலையில், வந்தவர்களுக்குக் காற்று வேண்டுமென்று, குளத்து நீரைச் சுழற்றும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகியவன் அவன்தான். மதியம்தான் அவள் கவனித்தாள். திரும்பச் செருகினால் மோட்டார் உறுமியதே தவிர தண்ணீர் வரவில்லை. பிளக்கைக் கழற்றி, ஃபேனையே மறுபடி மாட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்ற மாதமே வெட்டிய குளம். பத்தடிகூட இருக்காது. அவர் அதைக் 'கடல்' என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்தவள்தான்.

"இன்னிக்குமா இது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இந்தக் கிறுக்கு அண்ணனோட போகட்டும். அடுத்த வாரம் மண்ணைப் போட்டு மூடிடறேன். கார் நிறுத்த எடமாச்சு."

சேறு ஏறாமலிருக்கச் செங்கல் மேல் வைத்திருந்த மோட்டாரை, வலைக்கூடையோடு தூக்கிக் கரையில் வைத்தாள் அவள். கூடை முழுக்கப் பாசி.

"குழாய்த் தண்ணி கொண்டாரட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"வேணாம். அதுல மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. இந்தத் தண்ணியே போதும்."

கூடைக்குள்ளிருந்த வடிகட்டும் பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசிப் பிழிந்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, உள்ளே சுழலும் சக்கரத்தில் சிக்கியிருந்த நாரை நெம்பி எடுத்தாள்.

"அண்ணனுக்குத்தான் அண்ணி இதெல்லாம் தெரியும். நீங்க எதையாவது பண்ணி..."

அவள் நிமிர்ந்தாள். "உங்கண்ணன் ரெண்டு வருஷமாக் கட்டிலைவிட்டு எறங்கல. இத யாரு கழுவுனான்னு நெனச்ச?"

அவன் அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான்தான். அவரு ஜன்னல் வழியா நொட்டை சொல்லுவாரு, நான் இங்கேருந்து திட்டுவேன். எங்க கடல்ல ஒரு கூடை மண்ணு விழுந்துச்சு, நீ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இப்ப அந்த ஃபேனைப் பிடுங்கு."

பிடுங்கினான். அவள் மோட்டாரைச் செங்கல் மேல் இருத்திவிட்டுக் கரையேறி, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகினாள். குழாய் இருமியது, கறுப்பாகக் கக்கியது, பிறகு தெளிந்த நீர் விழுந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்வரை அவள் நகரவில்லை.

புடவையைப் பிழியாமலே உள்ளே நடந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். கொல்லைக் கதவிலிருந்து அவர் தலைமாடுவரை ஈரக் காலடிகள், சேறும் பாசியுமாய். மகள் துடைக்கத் துணியோடு குனிந்தாள்.

"இருக்கட்டும்மா," என்றான் கொழுந்தன்.