சிங்கப்பூர் மணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நடந்த கதை இது. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மாயக்காளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆள்தான்: சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் ஆண்டிச்சாமி. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மகளுக்குக் காது குத்துவேன் என்று அவள் எரியோடு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிற நாத்தனார் ஜக்கம்மாளுக்கு அவல் கிடைத்தது.

"கப்பல் வந்து சேரவே ஒரு வாரம் ஆகுமாம். காதுகுத்துக்கு வந்துருவாராக்கும்?"

"எங்கண்ணன் ஏரோப்பிளேன்ல வருது மதினி. ரெண்டாயிரம் மைலா இருந்தாலும் ஒரு பகல் போதும்."

"பாப்போம், பாப்போம்."

காதுகுத்து வைத்திருந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அது முடிந்தால் உச்சிப்பொழுது, அப்புறம் நல்ல காரியம் செய்கிற வழக்கமில்லை. அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக் கிடந்தது, நிழல் பார்த்து நேரம் சொல்லவும் வழியில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார், அண்ணனைக் காணோம். ஜக்கம்மாள், மாயக்காளுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான ராமரை மணையில் உட்காரச் சொன்னாள். மாயக்காளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. ஆண்டிச்சாமி பெட்டியும் கையுமாக ஓடிவந்தான்.

"ரயில்தான் லேட்டு தாயி, ஏரோப்பிளேன் லேட்டில்ல! ஏழு மணி நேரம் பறந்தேன். மெட்ராஸ்ல எறங்கிச் சுவத்துக் கடியாரத்தப் பாத்தா, அஞ்சு மணி நேரந்தான் ஆயிருக்கு. ரெண்டு மணி நேரம் லாபம்!"

கூட்டம் சிரித்தது. ராமர் எழுந்து இடம் விட்டான். ஜக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"கையில கடியாரம் கட்டியிருக்கீகளே, மணி என்ன?"

ஆண்டிச்சாமி பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "பதினொன்னரை ஆகப் போகுது."

"கேட்டுக்கங்க! தாய்மாமன் நல்லா ராகுகாலத்துல வந்து எறங்கியிருக்காரு!"

ஆசாரி ஊசியை எடுத்து வைக்கப் போனார். மாயக்காளின் காதில் அண்ணன் சொன்ன அந்த 'ரெண்டு மணி நேரம்' மறுபடி கேட்டது.

"ஏண்ணே, மெட்ராஸ்ல எறங்கி இந்தக் கடியாரத்தத் திருப்பி வச்சியா?"

ஆண்டிச்சாமி வாயைப் பிளந்தான். "இல்லையே தாயி!"

"அப்ப இது சிங்கப்பூர் மணி! அங்கிட்டுப் பொழுது முந்தியே விடிஞ்சிருது. எங்கண்ணன் வந்துருச்சு, அதோட கடியாரந்தான் இன்னும் வந்து சேரல!"

"நல்லாத்தான் கதை கட்டுறா" என்று ஜக்கம்மாள் வாயெடுத்தாள். அவள் முடிப்பதற்குள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. ஒன்பதரைக்கு அடிக்கிற மணி அது, ஊருக்கே தெரியும்.

ஆண்டிச்சாமி மணையில் உட்கார்ந்து மருமகளை மடியில் வாங்கிக்கொண்டான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. மாயக்காளோ ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பந்தி நடக்கும்போது ஜக்கம்மாள் சும்மா இருக்காமல் கேட்டாள்: "இப்ப மணி என்னாச்சு?"

மாயக்காள் அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினாள்.

"எந்த ஊரு மணி மதினி வேணும்?"