ரப்பர் காதின் உள்பக்கம்

உள்பக்கம் இப்படி இருக்கக் கூடாதே.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டறை மேசைமேல் அண்ணன் கொண்டுவந்து போட்ட ரப்பர் வளைவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். வெளிப்பக்கம் தூசியும் எலிப்புழுக்கையுமாக இருந்தது. உள்பக்கமோ அவள் கையை விட்டுப் போன நாளில் இருந்த மாதிரியே மொழுமொழுவென்று கறுத்துக் கிடந்தது. வெட்டுவதற்கு முன் அவள் இழுத்திருந்த மஞ்சள் மெழுகுக் கோடுகூட ஓரத்தில் அப்படியே இருந்தது.

"என்ன பாப்பா, புதுசாப் பாக்குற? நீ செஞ்சதுதான்" என்றான் அண்ணன். "இதையே அச்சா வெச்சுக்க. டயர் இன்னும் அகலமா மாத்திட்டேன். அதுக்குத் தகுந்த மாதிரி நாலு காது வேணும். அடுத்த வாரம் வண்டிச் சோதனை."

காது என்றுதான் ஓட்டுநர்கள் சொல்வார்கள். கல்லிலும் சேற்றிலும் ஏறுவதற்காக ஜீப்புக்கு அகல டயர் போட்டால் அது வண்டியின் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்திய டயர் தரையில் எதைப் பொறுக்கினாலும் பின்னால் வருகிறவன் மேல் எறியும். அதைத் தடுக்கத்தான் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு விளிம்பில் வளைத்து மாட்டுகிற இந்தக் காது. கடையில் வாங்கப் போனால் பளபளப்பாகக் கிடைக்கும், முதல் பாறையில் உடையும். அவள் குவாரியில் கல் ஏற்றித் தேய்ந்து கழித்துப் போட்ட பட்டை ரப்பரை வாங்கி, சூடு காட்டி, மரச் சட்டத்தில் வளைத்துக் கட்டி ஆறவிட்டுச் செய்வாள். விளிம்பு யார் காலையும் கிழித்துவிடக் கூடாது என்று ஒரு தண்ணீர்க் குழாயை நெடுகப் பிளந்து அதன்மேல் சொருகிவிடுவாள்.

ஓடின காதின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழுதுக்கு வருகிறவற்றை அவள்தானே கழற்றுகிறாள்? அம்மை வந்த முகம் மாதிரி இருக்கும். கீறலும் குழியுமாக, சில இடத்தில் கல்லே புதைந்து போயிருக்கும். ஒவ்வொரு குழியும் யார் மேலோ படாமல் போன ஒரு கல். சில நாள் அவள் அந்தக் குழிகளை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இதில் ஒன்றுமே இல்லை.

"மச்சான் வந்தா நிக்க வெச்சுப் பேசறதா?" பின்கட்டிலிருந்து அவள் கணவன் மூன்று தம்ளர்களோடு வந்தான். ஊற்றும்போது தம்ளர் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்வான். இடது கண் போனதிலிருந்து தூரமும் பக்கமும் அவனுக்குக் கைதான் சொல்கிறது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஆள். இப்போது அவளோடு பட்டறையில் குழாய் பிளக்கிறான்.

"வா மாப்பிள. கண்ணு எப்படி?"

"போனது போன இடத்துல சௌக்கியமா இருக்கும். இருக்கறதுக்குத்தான் டபுள் டூட்டி. உங்க தங்கச்சியப் பாக்க ஒண்ணே ஜாஸ்தி மச்சான்."

இருவரும் சிரித்தார்கள். எப்போதும் இப்படித்தான். கல் எறிந்த வண்டியை ஓட்டியவனும் கல் பட்டவனும் தோளில் கைபோட்டுச் சிரிப்பார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வராது. அழுத்தக்காரி என்று அம்மா சொல்வாள்.

போன மழைக்கு முந்தின மழை முடிந்து, தடம் காய்ந்திருந்த நேரம். கணவன் பைக்கில் மலைத்தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். அண்ணனின் ஜீப் அவனைத் தாண்டிப் போயிற்று. அண்ணனுக்குத் தடத்தில் 'புழுதி' என்றே பெயர். அவன் போனால் அதுதான் தெரியும், வண்டி தெரியாது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கல் வந்தது. கணவனுக்கு அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான் ஞாபகம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "காது மாட்டித்தானே இருந்துச்சு பாப்பா! அதையும் தாண்டி எப்படி வந்துச்சு?"

அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் தாண்டி. அப்படியென்றால் அளவு போதவில்லை. அவள்தானே அளந்தாள்? ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தேனா? ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிவைத்துப் பார்த்தேனா? பார்த்தேன். இல்லை, அண்ணன் அவசரப்படுத்தியதால் விட்டுவிட்டேனோ? பாத்திரம் துலக்கும்போது, கணவனின் கண்ணுக்கு மருந்து விடும்போது, அவன் தூக்கத்தில் புரளும்போது, திரும்பத் திரும்ப அந்தச் சக்கரத்தை அளந்துகொண்டே இருந்தாள். எத்தனை தரம் அளந்தாலும் ஒரு விரல் குறைந்தது. அண்ணனிடம் அந்தக் காதைக் கொண்டுவரச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்க்கப் பிடிக்காமல் கழற்றிப் போட்டுவிட்டதாக அவனே சொன்னபோது உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் செய்த ஒவ்வொரு காதையும் தேவைக்கு ஒரு விரல் அகலமாகவே வெட்டினாள். "ஒருவிரல் அக்கா, இது காதா முறமா?" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். வேண்டாமென்றால் வேறு இடம் பார் என்பாள்.

இப்போது அவள் அளவுகோலை எடுத்து அந்தப் பழைய காதின்மேல் வைத்தாள். வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

அளவு சரியாக இருந்தது. ஒரு நூல் குறையவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்ததும் தோள் எப்படி வலிக்குமோ, அந்த வலிதான் வந்தது.

"இன்னொண்ணு பாப்பா" என்று அண்ணன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். கையால் திருகுகிற சிறகு வைத்த திருகாணிகள். "போல்ட் போட்டு முறுக்கிடாத. இத வெச்சு மாட்டு. சட்டுனு மாட்டணும், சட்டுனு கழட்டணும்."

"எதுக்குக் கழட்டணும்?"

"மேல ஏறும்போது பாறையில உரசுது. பசங்க வேற காதப் பாத்துட்டு யானை வருது, யானை வருதுங்கறானுங்க. சோதனை அன்னிக்கு மட்டும் இருந்தாப் போதும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"போன தடவையும் அப்படித்தானா?"

அண்ணன் தம்ளரை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "என்ன?"

"அன்னிக்கு இது வண்டியில இருந்துச்சா அண்ணா?"

"இருந்துச்சுன்னு அப்பவே சொன்னேனே! திரும்பத் திரும்ப அதையே கேட்டா?"

இத்தனை நாளில் அவள் கேட்டதே இன்றுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

கணவன் கையை நீட்டினான். "குடு, குழாய் எவ்ளோ நீளம் வேணும்னு பாக்கறேன்." பழக்க தோஷத்தில் கேட்டானா, வேறு ஏதாவது தோன்றிக் கேட்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவனுக்கு மிஞ்சியிருப்பது ஒரு கண்ணும் ஒரு மச்சானும். பிறகு கொடுத்தாள்.

அவன் விளிம்பைத் தடவிக்கொண்டே போனான். விரல்கள் உள்வளைவுக்குள் இறங்கின. மேலிருந்து கீழே ஒரு தரம். கீழிருந்து மேலே ஒரு தரம். தினமும் பழுது பார்க்கிற காதுகளைத் தடவித் தடவி அந்த விரல்களும் எல்லாம் படித்திருந்தன. ஒரு குழியும் தட்டுப்படாமல் நடுவில் நின்றன.

தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

அவன் ஏதாவது சொல்லிச் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் காதை மெல்ல மேசைமேல் வைத்தான், உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. டீ தம்ளரைத் தேடியபோது விரல் முதல் தடவையாகத் தவறி, மேசை விளிம்பில் இடித்தது.

"மாப்பிள..." என்றான் அண்ணன்.

"ஆறிப் போச்சு மச்சான். சூடு பண்ணிக் கொண்டாரேன்." அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்கவில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாப்பா, நடந்தது நடந்துபோச்சு. வேணும்னா செஞ்சேன்? ஆஸ்பத்திரில ராப்பகலாக் கூட இருந்தவன் நான். உனக்கு நான் என்னைக்காவது குறை வெச்சேனா? அப்பா போனப்புறம் யாரு இருந்தா உனக்கு?"

எல்லாம் உண்மை. அவளுடைய கல்யாணத்துக்கு ஓடியாடி நின்றவன் அவன்தான். கணவனுக்கு ரத்தம் கொடுத்தவனும் அவன்தான். அந்த உண்மைகளையும் இந்த ரப்பரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க அவள் முயன்றாள். முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளுடையது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நீ சொன்னதைக் கேட்டு இத்தனை நாளாக என் கையை நானே வெறுத்தேனே அண்ணா, என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் அழுவான். அப்புறம் அவள்தான் தேற்ற வேண்டியிருக்கும். விழுங்கிக்கொண்டாள்.

"வண்டியக் கொண்டா" என்றாள். "ஸ்டியரிங்க ஒடிச்சு, சக்கரத்தக் கல்லு மேல ஏத்தி அளக்கறேன். பாறையில உரசாது. போல்ட் போட்டு, அதோட மரைய நசுக்கி விடறேன். யாராலயும் கழட்ட முடியாது."

"அதான் வேண்டாம்கறேன். கழட்டற மாதிரி குடு. இந்த ஒரு தடவை. உன்கிட்ட வேற என்ன கேட்டேன் நான்?"

தடத்தில் இப்போது யார் இறங்கிக்கொண்டிருப்பார்களோ. பைக்கில், நடந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு முகமும் அவளுக்குத் தெளிவாக வரவில்லை. அந்தப் புழுதி மட்டும்தான் வந்தது.

அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டு, வாயைச் சுருட்டி மடித்து, அவன் பக்கமாக நகர்த்தினாள். பழைய காதை மட்டும் நகர்த்தவில்லை.

"மாட்டேன் அண்ணா" என்றாள். "டீ குடிச்சிட்டுப் போ."